அம்மாவின் சப்பாத்து

ஷூ வாங்குனதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேக்குறவங்க அப்படியே ஓரமா உக்காருங்க. கடைசியில உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு.

2024 நவம்பர்ல நடந்த கதை. கொசுவத்தியைச் சுத்தி விட்டுக்கோங்க. ஆபீஸ்ல என்னை ஒரு வருஷம் மியூனிக்ல ஆணி புடுங்க அனுப்பியிருந்தாங்க. அந்தச் சாக்குல அம்மாவை ஒரு மாசம் கூட்டிட்டு வந்து வச்சுக்கணும்னு ஆசை. அப்பாவையும் கூப்பிட்டேன். "அந்தக் குளிர்ல எனக்கென்னடா வேலை? வீட்டையும் மாட்டையும் யார் பாக்குறது?"ன்னு கழண்டுக்கிட்டார். (மாட்டை வித்து பத்து வருஷம் ஆச்சு.)

மியூனிக்ல நவம்பர் மாசம்னா நாலரை மணிக்கே இருட்டிடும், வாயைத் திறந்தா புகை வரும். அம்மாவைப் பாவம் அந்தக் குளிர்லயே வச்சிருக்க மனசு வரல. மூணு மணி நேர ஃப்ளைட்ல லிஸ்பன். அங்க அந்த மாசத்துலயும் பகல்ல பதினஞ்சு டிகிரிக்கு மேல இருக்கும். விசாவும் அதே ஷெங்கன் விசா. நாலு நாள் போயிட்டு வரலாம்னு டிக்கெட் போட்டாச்சு.

லிஸ்பனைப் பத்தி எல்லாரும் சொல்ற ஒரே விஷயம் "நடக்கணும்". ஏழு குன்று மேல உக்காந்திருக்கிற ஊருன்னு பெருமையா சொல்லிக்குவாங்க. எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் ஒண்ணு ஏறும், இல்ல இறங்கும். சமதளம்னு பார்த்தா ஆத்தங்கரையை ஒட்டின பாய்ஷான்னு ஒரு பகுதிதான். 1755 நவம்பர் 1ஆம் தேதி வந்த பூகம்பத்துல தரைமட்டமாகி, அப்புறம் கட்டம் கட்டமா திட்டம் போட்டு திரும்பக் கட்டின இடம் அது. மத்ததெல்லாம் படியும் சரிவும்தான்.

ஆக, நல்ல ஷூ வேணும். பொட்டி தட்டுறவன் ஷூ வாங்கினா எப்படி வாங்குவான்? எக்ஸெல் ஷீட்தான்! மூணு வாரம் நெட்டுல மேய்ஞ்சேன். எடை, அடிப்பாகம் என்ன ரப்பர், தண்ணி உள்ள போகுமா, விலை, வாங்கினவங்க என்ன புலம்பியிருக்காங்கன்னு மொத்தம் பதினாலு காலம். அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் மதிப்பெண் போட்டு ஒரு ஃபார்முலா வேற. டேமேஜர் பார்த்திருந்தா ப்ராஜெக்டுக்கு இப்படி ஒரு நாளாவது உழைச்சிருக்கியான்னு கேட்டிருப்பார். கடைசியில முதலிடம் வந்தது ஒரு மலையேற்ற ஷூ. அடியில டிராக்டர் டயர் மாதிரி கட்டை கட்டையா பட்டன். பார்க்கவே வீரமா இருந்துச்சு.

அந்த வகை அடிப்பாகத்துக்குப் பின்னாடி ஒரு சோகக் கதை உண்டு. 1935ல இத்தாலியில விடாலே பிரமானிங்கிறவர் தன் சகாக்களோட மலையேறப் போனார். வானிலை மோசமாகி அதுல ஆறு பேர் செத்துப் போனாங்க. போட்டிருந்த பூட்ஸ் சரியில்லாததும் ஒரு காரணம்னு அவருக்கு உறுத்தல். டயர் கம்பெனியான பிரெல்லியோட உதவியில, ரப்பரை வார்த்து ஆழமான பட்டன் வச்ச அடிப்பாகத்தை 1937ல கொண்டு வந்தார். அதுக்கு வச்ச பேரு கர்ரார்மாத்தோ, அதாவது பீரங்கி வண்டி. அவர் பேரையும் குடும்பப் பேரையும் சேர்த்த மாதிரி உருவானதுதான் விப்ரம். இதையெல்லாம் படிச்சு வச்சிருந்தேன். இவ்வளவு படிச்சவன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துட்டேன், அது அப்புறம்.

அம்மா ஷூ? அது பத்து நிமிஷம்.

நெசமாத்தான். அம்மாவைக் கூட்டிட்டு வர ஊருக்குப் போயிருந்தப்ப, மதுரையில ஒரு கடை. காலைல பதினோரு மணி. அம்மா வாழ்க்கையில ஷூ போட்டதே கிடையாது. செருப்பு, அதுவும் வாசல் தாண்டினாத்தான். கடைப் பையன் ஒரு வெள்ளை ஷூவை எடுத்து உள்ள விரலை அமுக்கிக் காட்டினான். "மெமரி ஃபோம்ணா. ஆண்டிக்குப் பஞ்சு மாதிரி இருக்கும்." கையில வாங்கினா காத்து மாதிரி இருந்துச்சு. அம்மா பெஞ்சுல உக்காந்தபடியே போட்டுப் பார்த்துட்டு, "முன்னாடி கொஞ்சம் புடிக்குதோ?"ன்னாங்க. "போடப் போட லூசாயிரும் ஆண்டி" ன்னான் பையன். நானும் மண்டையை ஆட்டிட்டு கார்டை நீட்டிட்டேன். ஃப்ளைட்டுக்கு இன்னும் மூணு நாள், வாங்க வேண்டிய லிஸ்ட்ல இன்னும் இருபது ஐட்டம் பாக்கி.

எனக்கு மூணு வாரம், அம்மாவுக்கு பத்து நிமிஷம். இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க.

மியூனிக்ல ஒரு வாரம் அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு அம்மா நடந்தாங்க. சமதளம், தார் ரோடு, மழை இல்ல. "எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டா "நல்லா இருக்குடா"ன்னாங்க. "திருவண்ணாமலை கிரிவலம் பதினாலு கிலோமீட்டர் வெறுங்கால்ல சுத்தினவ, என்கிட்ட நடையைப் பத்திப் பேசுறியா?"ன்னு வேற ஒரு குத்து. நானும் நம்பிட்டேன்.

லிஸ்பன்ல இறங்கின அன்னிக்குச் சாயங்காலம் ரோசியு சதுக்கம். மொத்தச் சதுக்கத்துக்கும் கருப்பு வெள்ளைக் கல்லுல அலை அலையா பதிச்சு வச்சிருக்காங்க. நின்னு பார்த்தா தரையே அசையுற மாதிரி இருக்கும். 'மார் லார்கோ', விரிஞ்ச கடல்னு பேரு. 1849ல போட்ட அலை அது. அதுக்கு முன்னாடி 1842ல, மலை மேல இருக்கிற சாவ் ஜோர்ஜ் கோட்டையில இருந்த கைதிகளை வச்சு இந்த மாதிரி வேலைப்பாட்டை ஆரம்பிச்சிருக்காங்க. இப்ப ஊரு பூராவும் நடைபாதைன்னா இதுதான். பேரு கல்சாடா. உள்ளங்கையில அடங்குற சின்னச் சின்ன கல்லை, கல்செத்தேரோங்கிற தொழிலாளிங்க குத்த வச்சு உக்காந்து, சுத்தியால தட்டித் தட்டி ஒண்ணு ஒண்ணா அடுக்குவாங்க. இதைக் கத்துக் கொடுக்க 1986ல நகராட்சி ஒரு பள்ளிக்கூடமே ஆரம்பிச்சிருக்கு.

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "தெரு பூரா கோலம் போட்டு வச்சிருக்காங்கடா. மிதிக்கவே மனசு வரல"ன்னாங்க.

மிதிக்கக் கூடாதுன்னு அப்பவே தோணியிருக்கணும்.

மறுநாள் காலைல தூத்தல். 28ஆம் நம்பர் டிராம்ல ஏறி, மேல போர்ட்டாஸ் டூ சோல் பக்கம் இறங்கிட்டோம். அங்கிருந்து பார்த்தா அல்ஃபாமாவோட சிவப்பு ஓட்டு வீடுங்க, அதுக்குக் கீழ தேஜோ ஆறு, கடல் மாதிரி அகலமா. போட்டோவெல்லாம் எடுத்துட்டு, தேவாலயத்தைப் பார்க்க அப்படியே சரிவுல இறங்கினோம். டிராம் போற தெரு அது. நடைபாதைன்னு பேருக்கு ஓரமா ரெண்டு அடி அகலம். எதிர்ல ஆள் வந்தா யாராவது ஒருத்தர் ரோட்டுல இறங்கணும். ரோட்டுல இறங்கினா தண்டவாளம், ஈரத்துல அது இன்னும் வழுக்கும்.

முதல்ல வழுக்கினது நான்தான். பீரங்கி வண்டி சர்ருன்னு ஒரு அடி ஓடிச்சு. சுவத்தைப் புடிச்சுக்கிட்டேன். "பார்த்து வாடா"ன்னு அம்மா சிரிச்சாங்க. நானும் ஹி ஹின்னு வழிஞ்சேன். பத்தடி கூடப் போகல, பின்னாடி 'பொத்'துன்னு சத்தம்.

திரும்பினா அம்மா தரையில உக்காந்திருக்காங்க. வலது கையை ஊனினபடி, கால் ரெண்டும் முன்னாடி நீட்டி. ஒரு கடையில இருந்து ஒரு அம்மா நாற்காலியோட ஓடி வந்தாங்க. அவங்க போர்ச்சுகீஸ்ல ஏதோ சொல்ல, எங்கம்மா தமிழ்ல "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" ன்னு சொல்ல, ரெண்டு பேருக்கும் புரிஞ்சிருச்சு. எனக்குத்தான் கை காலெல்லாம் நடுக்கம். அம்பத்தாறு வயசு. இடுப்பா, கையான்னு தெரியல. ஊரு பேரு தெரியாத தெரு. அப்பாவுக்கு என்ன பதில் சொல்றது.

நாற்காலியில உக்காந்ததும் அம்மா முதல்ல என்ன பண்ணினாங்க தெரியுமா? ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "கிழிஞ்சிருச்சான்னு பாருடா. காசு போட்டு வாங்கினது."

கை வீங்கிக்கிட்டிருக்கு. இவங்க ஷூவைப் பாக்குறாங்க.

இன்சூரன்ஸ் நம்பருக்கு போன் போட்டு, டாக்ஸி புடிச்சு, எக்ஸ்ரே எடுத்து, எலும்புக்கு ஒண்ணும் ஆகல, சுளுக்குதான்னு சொல்லி கட்டுப் போட்டு விட்டாங்க. அந்த மூணு மணி நேரத்தை நான் விவரிக்கல.

ரூமுக்கு வந்து கட்டில்ல உக்கார வச்சு, ஷூவைக் கழட்டி விடுறேன்னு குனிஞ்சேன். "வேணாம், நானே கழட்டிக்கிறேன்"ன்னு காலை இழுத்தாங்க. ஒத்தக் கையில எப்படிக் கழட்டுவாங்க? நானே கழட்டினேன். சாக்ஸை உருவினேன்.

ரெண்டாவது விரல்ல, மெட்டியைச் சுத்தி தோல் வழண்டு ரத்தம் கட்டியிருந்துச்சு. சுண்டு விரல் பக்கத்துல கொப்புளம் உடைஞ்சு காஞ்சு போய் அதுக்கு மேல இன்னொரு கொப்புளம். பெருவிரல் நகம் கருப்பு. இது ஒரு நாள்ல வந்ததே கிடையாது. மியூனிக்ல ஒரு வாரமா நடந்த கால் இது.

"ஏம்மா சொல்லல?"

"நாலு நாள்தானடா. ஊருக்குப் போனா கழட்டித் தூரப் போட்டுருவேன்னு நினைச்சேன். நீ ஆசையா வாங்கிக் குடுத்த."

நான் தினமும் கேட்டேனே "நல்லா இருக்கா"ன்னு. கேட்டேன், ஆமா. ஒரு நாள் கூட குனிஞ்சு பார்க்கல.

அன்னிக்கு ராத்திரி அம்மா தூங்கினதுக்கு அப்புறம் ரெண்டு ஷூவையும் குப்புறப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்தேன். அப்பத்தான் அந்தக் கேக்காத கேள்வி ஞாபகம் வந்துச்சு. *எந்தத் தரையில நடக்கப் போறோம்?*

லிஸ்பன் நடைபாதையோட வெள்ளைக் கல்லு சுண்ணாம்புக்கல். கடினத்தை அளக்குற மோஸ் அளவுல மூணுதான் வரும். நம்மூர் கோயில் பிரகாரத்துல இருக்கிற கருங்கல் ஆறுக்கு மேல. மெதுவான கல்லு மேல நூறு வருஷமா கோடிக்கணக்கான கால் நடந்தா என்ன ஆகும்? பாலிஷ் ஆகும், சலவைக்கல் மாதிரி. அதுல தூத்தல் விழுந்தா கல்லுக்கும் ஷூவுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தண்ணிப் படலம். அந்தத் தண்ணி ஓடிப் போக வழி இருந்தாத்தான் ரப்பர் கல்லைத் தொடும்.

என் பீரங்கி வண்டி சேத்துக்கும் சரளைக்கும் செஞ்சது. பட்டன் மண்ணுல குத்தி இறங்கிப் புடிக்கும். வழவழப்பான கல்லுல எங்க குத்துறது? பட்டனோட நுனி மட்டும்தான் தரையில படும், மத்ததெல்லாம் அந்தரத்துல. போதாததுக்கு, பாறையில தேயாம இருக்கணும்னு கெட்டியான ரப்பர் வேற.

அம்மாவோட ஷூ அதை விட மோசம். அடியில ரப்பரே கிடையாது. ஈவிஏங்கிற நுரை, அதான் காத்து மாதிரி எடை. நடுவுல மெத்தையா இருக்க வேண்டிய பொருளை அடியிலயும் அதையே வச்சு விட்டிருக்காங்க. ஒரு வாரத்துலயே குதிகால் பக்கம் தேஞ்சு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருச்சு. மெமரி ஃபோம் கதையும் அதே. கடையில அமுக்கினா சுகம், சரிவுல கால் உள்ளுக்குள்ளயே ஆடும். இறங்கும்போது கால் முன்னாடி சறுக்கிப் போய் நகம் இடிக்கும். கருப்பு நகம் அப்படி வந்ததுதான்.

இஞ்சினியரிங்ல முதல் வருஷம் படிச்ச கணக்கு. பத்து டிகிரி சரிவுல ஒரு பொருள் வழுக்காம சும்மா நிக்கவே உராய்வுக் கெழு 0.18 வேணும். டேன் பத்து டிகிரி, அவ்வளவுதான். சும்மா நிக்க. நடக்கும்போது குதிகாலை ஊனுற நொடியில இன்னும் அதிகம் வேணும். அரியர் வைக்காம பாஸ் பண்ணின பேப்பர் அது. எக்ஸெல்ல பதினாலு காலம் போட்டவனுக்கு இது ஒரு காலமா வரல.

மறுநாள் மழை இல்ல. ஹோட்டல் ரப்பர் செருப்போட அம்மாவை மெதுவா கூட்டிட்டுப் போனேன். பாய்ஷாவுல, சமதளத்துல ஒரு பழைய ஷூ கடை. மேல போர்டு: 'சபத்தாரியா'.

எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சுது. சபாத்தோன்னா போர்ச்சுகீஸ்ல ஷூ. நம்ம சப்பாத்து! ஈழத்து நண்பர்கள் இன்னிக்கும் ஷூவை சப்பாத்துன்னுதான் சொல்லுவாங்க. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் இதே கப்பல்ல நமக்கு வந்த சொல்லுங்கதான். இன்னொரு வேடிக்கை, நடைபாதை கல்சாடா, காலணிக்குப் பொதுப் பேரு கல்சாடோ. கடைசி எழுத்துதான் வித்தியாசம். அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப சப்பாத்து பொறந்த ஊருலயே வாங்கப் போறோம்னு சொல்லு"ன்னாங்க. (போர்ச்சுகல் சும்மா இல்ல, வடக்குப் பக்கம் ஊரு ஊரா ஷூ தொழிற்சாலைதான். ஏற்றுமதியில பெரிய கை.)

கடையில எழுபது வயசு இருக்கும் ஒரு தாத்தா. ஒரு ஷூவையும் எடுத்துக் காட்டல. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அம்மா கால்கிட்ட உக்காந்தார். காலைப் பார்த்தார். கொப்புளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு ஆப் தேவைப்படல.

அம்மாவை எழுந்து நிக்கச் சொல்லி, ஒரு அளவுக் கருவி மேல காலை வச்சு, ரெண்டு காலையும் தனித்தனியா அளந்தார். நீளம் மட்டும் இல்ல, அகலமும். வலது கால் இடதை விடக் கொஞ்சம் பெருசு. நீளத்துக்கு 38 போதும், ஆனா அகலம் ரொம்ப அதிகம். அம்பது வருஷம் வெறுங்காலும் செருப்புமா நடந்த கால், விரலெல்லாம் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். அதைக் கொண்டு போய் கூம்பு மாதிரி இருக்கிற ஷூவுல நான் திணிச்சிருக்கேன்.

மெட்டியைத் தொட்டுக் காட்டி, கழட்டலாமான்னு சைகையில கேட்டார். அம்மா "அதெல்லாம் முடியாது"ன்னு தலையாட்டினாங்க. எனக்குத் தமிழ்ல தனியா விளக்கம்: "உங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் எதுக்குடா கழட்டணும்?" தாத்தா சிரிச்சுட்டு உள்ள போய் நாலு பெட்டியோட வந்தார். மூணாவது பெட்டி சரியா அமைஞ்சுது. முன்பக்கம் அகலமா, விரலுக்கு மேல நல்ல உயரமா, மெட்டிக்கு இடிக்காத மாதிரி. குதிகாலைக் கெட்டியாப் புடிக்குது. அடியைத் திருப்பிக் காட்டினார். பட்டன் கிடையாது. கிட்டத்தட்ட தட்டையான மெதுவான ரப்பர், அதுல பிளேடால கீறின மாதிரி மெல்லிசா வரி வரியா கோடு. தண்ணி அந்தக் கீறல்ல ஏறி வெளிய போயிரும், ரப்பர் கல்லைத் தொடும். கார் டயர்லயும், படகுல போடுற ஷூவுலயும் இதே வேலைதான். 1935ல அமெரிக்காவுல பால் ஸ்பெர்ரி இந்தக் கீறல் போட்டுத்தான் படகு ஷூவைக் கொண்டு வந்தார்.

விலை 79 யூரோ. அம்மா மனசுக்குள்ள தொண்ணூறால பெருக்கிட்டாங்க. "ஏழாயிரத்து நூத்திப் பத்தா! வேணாம்டா, இந்த ரப்பர் செருப்பே போதும்." எனக்கு வாங்கினது அதை விட ரெண்டு மடங்கு விலைன்னு அவங்களுக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. இதைப் படிக்கிற சொந்தக்காரங்க யாரும் போட்டுக் குடுத்துராதீங்க.

மிச்சம் இருந்த ரெண்டு நாள்ல பாதி நேரம் டிராம்லயும் பெஞ்சுலயும்தான். ஆனா பெலேம் போனோம். ஜெரோனிமோஸ் மடத்துல வாஸ்கோட காமா கல்லறையைப் பார்த்துட்டு, "கப்பல்ல கள்ளிக்கோட்டை வரைக்கும் வந்தவரா? அவரும் எந்தச் சப்பாத்துல நடந்தாரோ"ன்னாங்க. வரும்போது மறுபடியும் தூத்தல். அம்மா நின்னு கொஞ்ச நேரம் உள்ளூர்க் கிழவிங்க எப்படி நடக்குறாங்கன்னு பார்த்தாங்க. சின்னச் சின்ன அடி, குதிகாலை முதல்ல குத்தாம பாதம் முழுசும் தட்டையா வச்சு, சுவர் ஓரமா, வெயிட்டை முன்கால் மேல சாய்ச்சு. "பாசி புடிச்ச கொளத்துப் படியில எறங்குற மாதிரிடா"ன்னு சொல்லிட்டு அதே மாதிரி நடந்து காட்டினாங்க. கூகிள்ல நான் மூணு வாரத்துல கண்டுபிடிக்காததை அவங்க மூணு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. ஒரு தடவை கூட வழுக்கல. நான்தான் ரெண்டு தடவை சுவத்தைப் புடிச்சேன்.

சரி, அப்பா அம்மாவை ஐரோப்பா கூட்டிட்டுப் போற மக்களுக்கு, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது:

1. ஊரோட தரை என்னன்னு முதல்ல பாருங்க. லிஸ்பன்ல வழவழ சுண்ணாம்புக்கல். ரோமாபுரியில கருங்கல் மாதிரி கருப்பா, நடுவுல இடைவெளி விட்ட சதுரக் கல்லு, கணுக்கால் மடங்கும். வெனிஸ்ல பாலத்துக்குப் பாலம் படி. ஊருக்கு ஏத்த ஷூ, ஷோரூமுக்கு ஏத்த ஷூ இல்ல.

2. கடைக்குச் சாயங்காலம் போங்க. நாள் பூரா நடந்தா கால் கொஞ்சம் வீங்கும், அந்த அளவுக்குத்தான் ஷூ வேணும். டூர்ல போடப் போற சாக்ஸையே போட்டுக்கிட்டுப் போங்க. முழுசும் பருத்தி சாக்ஸ் வேண்டாம். நனைஞ்சா காயாது, கொப்புளம் நிச்சயம்.

3. நின்னுக்கிட்டு அளக்கணும், ரெண்டு காலையும். பெரிய காலுக்கு வாங்குங்க. பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கணும். பிரிட்டிஷ் அளவுல ஒரு சைஸ் கூடினா எட்டரை மில்லிமீட்டர், ஐரோப்பிய அளவுல ஏழு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதனால ரெண்டும் அச்சா பொருந்தாது, நம்பரை நம்பாம காலை நம்புங்க.

4. "போடப் போட லூசாயிரும்"னு சொன்னா எழுந்து வந்துருங்க. நீளம் லூசாகவே ஆகாது. முதல் நாளே சரியா இருக்கணும்.

5. அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்க. ரொம்ப லேசா, நுரை மாதிரி இருந்தா வேண்டாம். கனமா, கையில தேய்ச்சா ஒட்டுற மாதிரி இருக்கிற ரப்பர் வேணும், அதுல மெல்லிய கீறல் வேணும். வீட்டுக்கு வந்ததும் ஈரமான டைல்ஸ் மேல ஷூவைக் கையால அமுக்கித் தள்ளிப் பாருங்க. (போட்டுக்கிட்டுப் பண்ணாதீங்க, அப்புறம் ஐரோப்பா போக வேண்டிய அவசியமே இருக்காது.)

6. வேலைக்குப் போடுற ஷூக்களுக்கு வழுக்கல் சோதனை உண்டு, ஐ.எஸ்.ஓ. 13287. சோப்புத் தண்ணி ஊத்தின டைல்ஸ், கிளிசரின் ஊத்தின இரும்புத் தகடு ரெண்டுலயும் பாஸானா முன்னாடி எஸ்.ஆர்.சி.ன்னு போடுவாங்க. பாதுகாப்பு ஷூக்களுக்கான விதி 2022ல திருத்தினதுக்கு அப்புறம் எஸ்.ஆர்.னு வருது. சும்மா 'ஆன்டி ஸ்கிட்'னு அட்டைப் பெட்டியில அச்சடிக்க எந்தச் சோதனையும் வேண்டாம்.

7. கிளம்ப ரெண்டு வாரம் முன்னாடியே வாங்கி, தினம் நடக்கணும், முடிஞ்சா படியில இறங்கி ஏறி. இறங்கும்போது விரல் நுனி முட்டினா அந்த ஷூ ஆகாது. மேல கடைசி ஓட்டையிலயும் லேசைக் கோத்து இறுக்கினா குதிகால் நகராது.

8. மெட்டி போடுறவங்களுக்கு: விரல் பக்கம் உயரமான ஷூ, மெட்டி மேல மருந்துக்கடை பிளாஸ்டர் ஒரு சுத்து. கழட்டச் சொல்லி வாங்கிக் கட்டிக்காதீங்க.

இதெல்லாம் நெட்டுலயும் கிடைக்கும். கிடைக்காதது ஒண்ணுதான். நம்ம அம்மாக்களுக்கு வலிக்குதான்னு கேட்டா வர்ற பதில் வேலைக்கே ஆகாது. நம்ம கேக்குறதுக்காகவே அவங்க ரெடியா வச்சிருக்கிற பதில் அது. நாம காசு போட்டு வாங்கினது எதையும் அவங்க குறை சொல்லவே மாட்டாங்க, கால் போனாலும். அதனால கேக்காதீங்க. குனிஞ்சு சாக்ஸைக் கழட்டிப் பாருங்க. ராத்திரி ராத்திரி. அந்தத் தாத்தா முதல்ல செஞ்சது அதுதான். என்னோட பதினாலு காலத்துல இல்லாததும் அதுதான்.

இப்ப அந்தச் சப்பாத்து விருதுநகர்ல அலமாரி மேல பாலிதீன் கவர்ல பத்திரமா இருக்கும்னு நினைச்சீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்பா போன்ல சொன்னார், "தினம் காலைல சேலையை ரெண்டு இஞ்ச் தூக்கிக் கட்டிக்கிட்டு, சப்பாத்தை மாட்டிக்கிட்டு நடக்கக் கிளம்பிடுறாடா. தெருவே வேடிக்கை பாக்குது. என்னையும் வரச் சொல்லுறா."

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அம்மாகிட்ட கேட்டேன், "கால் வலி ஒண்ணும் இல்லையேம்மா?"

"ஒண்ணுமில்லடா. நல்லா இருக்கு."

"சரி. கேமராவைக் கீழ திருப்புங்க. காலைக் காட்டுங்க."

டிஸ்கி: ஓரமா உக்காந்திருக்கிற மக்களே, இதான் உங்க வேலை. இன்னிக்கு வீட்டுக்குப் போன் போடுங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டு முடிச்சதும் இதையும் சேர்த்துக்கோங்க :-)